புரதத்தை அளக்க: பையூரெட்டா, பிராட்ஃபோர்டா?

பையூரெட் சோதனையில் காரக் கரைசலிலுள்ள செம்பு அயனி, புரதத்தின் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்புகளைப் பிடித்து ஊதா நிறம் தரும். 30 நிமிடம் வைத்து 540 நானோமீட்டர் ஒளியில் நிறத்தை அளக்க வேண்டும். எந்தப் புரதமானாலும் நிறம் ஏறக்குறைய ஒன்றே. மில்லிக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நம்பாதீர்கள். அம்மோனியம் சல்பேட் கலந்த மாதிரியை முதலில் டயாலிசிஸ் செய்யுங்கள் (சவ்வுப் பையிலிட்டு உப்பை வெளியேற்றுதல்). அம்மோனியா செம்பைக் கவர்ந்துகொள்ளும்.

செல் சாறு போன்ற நீர்த்த மாதிரிக்கு 1976-இல் வந்த பிராட்ஃபோர்டு சோதனைதான். 0.1 மில்லி மாதிரியில் 5 மில்லி கூமாஸி சாயக் கரைசல். ஐந்து நிமிடத்தில் 595 நானோமீட்டரில் அளக்கலாம். இந்தச் சாயம் முக்கியமாக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டுவதால் நிறம் புரதத்துக்குப் புரதம் மாறும். ஜெலட்டினுக்கு மிகக் குறைவு. சோப்பு வகையான எஸ்.டி.எஸ். இருந்தால் புரதமே இல்லாமலும் நீலம் ஏறும். குவார்ட்ஸ் குவெட்டை (அளக்கும் சிறு கலம்) கறையாக்காதீர்கள், பிளாஸ்டிக் போதும்.