கனடாவா, ஆஸ்திரேலியாவா: ஸ்கோருக்கு முன்னால் பார்க்க வேண்டியது

டொராண்டோவில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் சித்தி மகனுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (அதிக பாயின்ட் உள்ளவர்களை நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்க அழைக்கும் கனடா அரசின் முறை) 515 பாயின்ட் இருந்தது. 2025 பிப்ரவரியில் கனடா அனுபவப் பிரிவில் (அங்கேயே வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கானது) 521-உம் அதற்கு மேலும் இருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். இன்னும் ஆறுதான், அடுத்த சுற்றில் வந்துவிடும் என்று இருந்தான். மார்ச் 25-க்குப் பிறகு திறந்து பார்த்தால் 465. வேலை ஆஃபருக்குக் கொடுத்துவந்த பாயின்ட்டை அரசு அன்றோடு எடுத்துவிட்டது. ஆஃபர் கடிதங்களைக் காசுக்கு விற்கும் கூட்டத்தைத் தடுக்கத்தான் இந்த விதி. இவன் கடிதம் அசல்தான், ஆனாலும் 50 போனது போனதுதான். அதற்கு முன்பே அழைப்பு வந்தவர்களுக்கு மட்டும் பாதிப்பில்லை.

"பேசாம ஆஸ்திரேலியாவுக்குப் போட்டுடவாண்ணே?" என்கிறான்.

இரண்டு இடத்திலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்: விருப்பத்தைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அழைப்பு வந்தால் 60 நாளில் விண்ணப்பம். விதி மாறும் விதம்தான் வேறு. கனடா ஊரறிய வெட்டும். 2025-க்கு 5 லட்சம் பேர் என்று சொல்லியிருந்த நிரந்தர வசிப்புரிமை இலக்கை, 2024 அக்டோபரில் 3,95,000 ஆக்கியது. ஆஸ்திரேலியா சத்தமில்லாமல் உள்ளே மாற்றும். அங்கே 2024-25-இல் மொத்த இடங்கள் 1,90,000-லிருந்து 1,85,000 ஆயின. பெரிய மாற்றமில்லை என்றுதானே தோன்றும்? ஆனால் யார் சிபாரிசும் வேண்டாத 189 விசாவுக்கான இடங்கள் மட்டும் 30,375-லிருந்து 16,900 ஆகிவிட்டன. பேப்பரில் 65 பாயின்ட் போதும், ஐ.டி.காரர் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். மாநில அரசின் சிபாரிசு கிடைத்தால் அதற்கென்றே உள்ள 190 விசாவுக்கு 5, 491 விசாவுக்கு 15 பாயின்ட் கூடும்.

அப்புறம் வயசு. கனடாவில் 30-லிருந்து வருஷத்துக்கு ஐந்தாறு பாயின்ட் கரையும். 1,200-க்கான கணக்கில் அது தாங்கும். ஆஸ்திரேலியாவில் 33 பிறந்ததும் ஒரேயடியாக 5 போகும், அங்கே 5 என்பது பெரிய தொகை. அழைப்பு வரும் நாளில் என்ன வயசோ அதுதான் கணக்கு. இவனுக்கு இப்போது 32.

கட்டணத்தில் கனடா மலிவு. கனடாவில் வயது வந்த ஒருவருக்கு 2024 ஏப்ரல் 30 அன்று 1,525 கனடா டாலர் ஆக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டுமே 2025-இல் நாலாயிரத்துச் சொச்சம் ஆஸ்திரேலிய டாலர்.

என்னைக் கேட்டால், அவன் பெயரில் போடுவதென்றால் கனடாவிலேயே நின்று பிரெஞ்சு படிக்கலாம். 2025 மார்ச் 21 அன்று பிரெஞ்சுப் பிரிவில் 379-க்கே அழைப்பு வந்தது. கேட்க, பேச, படிக்க, எழுத என்று நான்கு திறனிலும் கனடாவின் மொழி அளவுகோலில் ஏழாம் நிலை வேண்டும், சுலபமில்லை. (புதுச்சேரியில் பள்ளியிலேயே பிரெஞ்சு எடுத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.) ஆஸ்திரேலியாதான் என்றால் அவன் பெயரே வேண்டாம். அவன் மனைவி கோவையில் நர்ஸாக இருந்தவள். அங்கே நர்ஸுக்கும் டீச்சருக்கும் முன்னுரிமை உண்டு. நர்ஸ் பதிவுக்கு அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு எழுத வேண்டும், அந்தச் செலவு தனி.

"அவ பேர்ல போடு, நீ கூடப் போ" என்றேன். இரண்டு நாளாக ஆள் பதிலே போடவில்லை.