நிரையா நிரலா? மூணு வருஷம் மேட்ரிக்ஸ் வெச்சு கேம் ஃபைல் பிரிச்ச அனுபவம்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார், பழைய கேம் ஒண்ணுலேந்து கேரக்டர் மாடலை வெளிய எடுக்கணும், ஃபார்மட்டைப் பத்தி எங்கயும் ஒரு வரி இல்ல, ஹெக்ஸ் எடிட்டர் (ஃபைலை பைட் பைட்டா காட்டற டூல்), பைத்தான், கொஞ்சம் மேட்ரிக்ஸ் (எண்களைக் கட்டம் கட்டமா அடுக்கினது) கணக்கு இருந்தா சமாளிச்சிடலாமான்னு. மூணு வருஷமா நான் அப்படித்தான் ஓட்டிட்டு இருக்கேன், அதனால சொல்றேன்.

கண்டுபிடிக்கற வேலைக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல. 32 பிட் ஃப்ளோட்ல, அதாவது தசம எண்ணை நாலு பைட்ல எழுதற முறையில, 1.0ங்கறது 0, 0, 128, 63னு நாலு பைட்டா உக்காந்திருக்கும். அது 20 பைட்டுக்கு ஒருதரம்னு நாலு முறை வந்து நடுவுல பூரா சைபரா இருந்தா, 4x4 ஐடென்டிட்டி மேட்ரிக்ஸ், அதாவது எதையும் திருப்பாத, நகர்த்தாத மேட்ரிக்ஸ். எலும்புன்னா மாடலை அசைக்கற உள் சட்டத்துல ஒரு துண்டு, அது எப்படித் திரும்பியிருக்குன்னு மேட்ரிக்ஸா எழுதியிருக்கும். திரும்பியிருக்கற எலும்புன்னா கண்ணுக்குத் தெரியாது, ஒன்பது நம்பரை எடுத்து அதோட ட்ரான்ஸ்போஸால (நிரைங்கற குறுக்கு வரிசையை நிரல்ங்கற நெடுக்கு வரிசையா மாத்தினது) பெருக்கணும், ஐடென்டிட்டி வந்து டிட்டர்மினன்ட்டும் (மேட்ரிக்ஸ்லேந்து கணக்குப் பண்ற ஒத்தை எண்) 1னு வந்தா அது சுழற்சிதான். இந்த சோதனையை நாலு நாலு பைட்டா நகர்த்திக்கிட்டே போவேன். ஆயிரக்கணக்கான இடத்துல ஒண்ணும் இருக்காது, திடீர்னு 48 பைட் இடைவெளியில வரிசையா ஆமா ஆமா ஆமான்னு பதில் வரும் பாருங்க, அந்த சந்தோஷம் இன்னும் துளி குறையல. முதல் பிளேஸ்டேஷன்னா ஃப்ளோட் கிடையாது, 4096ஐ 1ன்னு வெச்ச 16 பிட் முழு எண். நின்டெண்டோ 64ல ஒரு மேட்ரிக்ஸுக்கு 64 பைட், முதல் 32ல முழுப் பகுதி, அடுத்த 32ல பின்னப் பகுதி. நம்பரைப் படிக்கற விதத்தை மட்டும் மாத்தினா அதே சோதனை அங்கயும் ஓடும்.

ஆனா எண்களை நிரை நிரையா எழுதினாங்களா, நிரல் நிரலா எழுதினாங்களாங்கற விஷயத்துல எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. சுழற்சியோட ட்ரான்ஸ்போஸும் ஒரு சுழற்சிதான், எதிர்த் திசையில. அதனால நிரையா எழுதினதை நிரலா படிச்சாலும் டிட்டர்மினன்ட் 1, ட்ரான்ஸ்போஸால பெருக்கினா ஐடென்டிட்டி, எல்லாமே சரின்னுதான் வரும். 4x4ன்னா பொசிஷன் உக்காந்திருக்கற இடமே காட்டிக் குடுத்துடும். 48ஆவது பைட்லேந்து மூணும் சேர்ந்து இருக்கா, இல்ல 12, 28, 44னு சிதறிக் கிடக்கான்னு பாத்தா போதும். எனக்கு மாட்டினது 36 பைட் சுழற்சி, 12 பைட் பொசிஷன்னு தனித்தனியா எழுதின ஃபைல். மாடல் நிக்கும்போது குறையே சொல்ல முடியாது, அனிமேஷனை ஓட்டினா முன்னாடி வரவேண்டிய கை பின்னாடி போகுது, முழங்கை வெளிப்பக்கமா மடங்குது. அனிமேஷன் டேட்டாதான் தப்புன்னு நினைச்சு ரெண்டு வாரம் அதையே நோண்டிட்டு இருந்தேன்.

சுழற்சியை இன்னொரு சுழற்சியோட வெச்சுப் பாக்கறது வீண், ஒரு புள்ளி மேல போட்டுப் பாக்கணும்னு அப்புறம்தான் புரிஞ்சுது. தோளோட மொத்த சுழற்சியால முழங்கையோட ஆஃப்செட்டை (தோள்லேந்து அது இருக்கற தூரமும் திசையும்) பெருக்கி, தோள் இருக்கற இடத்தைக் கூட்டினா முழங்கை இருக்கற இடம் வரணும். அந்த ஃபைல்லயே வேற ஒரு டேபிள்ல எலும்புகளோட இடம் இருந்துச்சு, ஒத்துப் பாத்தேன், ட்ரான்ஸ்போஸ் பண்ணதும் கடைசி தசமம் வரைக்கும் பொருந்திச்சு.

நண்பர்கிட்ட வேண்டாம்னுட்டேன். ஒரே ஒரு மாடலுக்காக இதுல இறங்காதீங்க, வேற யாராவது எழுதின டூல் இருக்கான்னு முதல்ல தேடுங்கன்னேன். இந்த முறைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க்னு கேட்டார், ரெண்டுன்னேன். அவர் கேட்டதுக்கு முந்தின நாள் ராத்திரிதான் வேற ஒரு ஃபைல்ல மறுபடி மாட்டினேன். புள்ளி சோதனை பண்ணிட்டேன், பாஸ்னு வந்துடுச்சு, ஆனா நான் எடுத்த எலும்பு சரியா 180 டிகிரி திரும்பினது, அதுக்கு ட்ரான்ஸ்போஸும் அதே மேட்ரிக்ஸ்தான், எப்படிப் படிச்சாலும் பாஸ்தான். இப்ப 180 இல்லாத எலும்பா நாலு எடுத்து சோதிக்கற மாதிரி ஸ்கிரிப்டை மாத்திட்டு இருக்கேன்.