சியானில் ஆட்டுச்சாறு ரொட்டி: கை வலித்தாலும் பரவாயில்லை

சீனாவின் சியான் நகரில், முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் ஹுய் இன முஸ்லிம்கள் நடத்தும் கடைகளில் ஒன்று இது. உட்கார்ந்ததும் வருவது சாப்பாடு இல்லை, வெறும் கிண்ணமும் இரண்டு கெட்டி ரொட்டியும்தான். அதை நாமே மொச்சைக்கொட்டை அளவுக்குப் பிய்த்துப் போட வேண்டும், பெரிதாகப் பிய்த்தால் உள்ளே சாறு ஏறாது. அப்புறம் கிண்ணம் அடுப்படிக்குப் போய் ஆட்டெலும்புச் சாறு, கறி, கண்ணாடி சேமியா எல்லாம் சேர்ந்து கொதித்து, ஆவி பறக்கத் திரும்புகிறது. ரொட்டி குழையவே இல்லை, மென்று சாப்பிடச் சாப்பிடச் சுவை. கிளறாமல் ஓரத்திலிருந்து சாப்பிடுங்கள், சூடு ஆறாது. காரம் கம்மி, மிளகாய் விழுது தனியாகத் தருகிறார்கள். கூட வரும் இனிப்புப் பூண்டு ஊறுகாய் அபாரம், இன்னொரு தட்டு கேட்டு வாங்கினேன். பட்டை பட்டையாக இருக்கும் பியாங்பியாங் நூடுல்ஸ் சுமார்தான், எண்ணெய் மிதந்தது. சனிக்கிழமை இரவு மட்டும் போகாதீர்கள், தெருவில் நகரவே முடியாது.