கன்னியின் படம்: பாளையங்கோட்டை ஸ்டூடியோ ஒன்றின் சேவை குறித்து

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைச் சீர்செய்து தரும் கடைகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. இறந்துபோன குழந்தையின் ஒரே படத்தை நம்பிக் கொடுப்பதற்கு அவற்றில் பெரும்பாலானவை ஏற்றவையல்ல என்பது என் எண்ணம். பாளையங்கோட்டையில் தந்தையும் மகனுமாக நடத்தும் சிறிய ஸ்டூடியோ ஒன்று அதற்கு விலக்கு. தந்தை இருட்டறையில் படம் கழுவிப் பழகியவர். மகன் கணினியில் வேலை செய்கிறார். முடிவு சொல்வது மட்டும் இன்றும் தந்தைதான்.

நாங்கள் அங்கே சீர்செய்யக் கொடுத்த படத்தில் இருப்பவள் என் தந்தையின் அக்கா. தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் 1962இல் தொடங்கியது. இவள் 1958இலேயே, ஐந்து வயதில், அந்நோய்க்கு இரையானாள். சிறு குழந்தைகளை எரிக்காமல் புதைப்பதும் அவர்களுக்குத் திதி கொடுக்காததும் எங்கள் வீட்டு வழக்கம். எனவே மற்ற முன்னோர்களை நினைக்கும் அமாவாசைகளில் அவளுக்கு இடமில்லை. ஆனால் தென் மாவட்டங்களின் பல குடும்பங்களைப் போல நாங்களும் அவளைக் கன்னியாக, அதாவது சிறுவயதில் இறந்து வீட்டுத் தெய்வமானவளாக, வைத்துக் கும்பிடுகிறோம். ஐந்து வயதுக்கான பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன் ஆகியவற்றை ஆண்டுதோறும் புதிதாக வாங்கி ஓலைப்பெட்டியில் வைப்போம். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் துணி அவளுக்குத்தான். அவளுடைய முகம் இருப்பதோ ஒரே ஒரு குடும்பப் படத்தில், என் ஆச்சியின் மடியில், கட்டைவிரல் நகத்தளவில்.

அந்தப் படம் சட்டத்துக்குள்ளேயே ஈரம் ஏறிக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஓரங்களில் படத்தாளில் உள்ள வெள்ளி மேலெழும்பி நீலப் பளபளப்பாகத் தெரிந்தது. நடுவில் பூஞ்சை படர்ந்திருந்தது. கண்ணாடியிலிருந்து பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும் என்று சொல்லி, ஸ்டூடியோக்காரர் அதைத் தொடாமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தார். வேலையைத் தொடங்கும் முன், இந்தக் குழந்தையை நேரில் பார்த்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அழைத்து வாருங்கள் என்றார். பெரியத்தையும் பெரியப்பாவும் வந்தார்கள்.

இணையவழியில் இயங்கும் வேறொரு நிறுவனத்துக்கு இதே படத்தைக் கைபேசியில் எடுத்து முன்பே அனுப்பியிருந்தோம். அங்கிருந்து பளிச்சென்ற, அழகான, எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத ஒரு குழந்தை திரும்பி வந்தது. மங்கலான முகம் கிடைத்தால் மென்பொருள் தான் பயின்ற ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து கண்ணையும் உதட்டையும் வரைந்து நிரப்பிவிடுகிறது. அதைவிட, கன்னத்தில் ஆச்சி வைத்திருந்த திருஷ்டிப் பொட்டைக் கறை என்று எண்ணி அழித்திருந்தார்கள். பாளையங்கோட்டைக்காரர் முதலில் கேட்டதே அந்தப் பொட்டைப் பற்றித்தான். பூஞ்சைப் புள்ளிகள் முகமெங்கும் இருந்ததால் எது பொட்டு, எது பூஞ்சை என்பதைப் பெரியத்தை திரையில் விரல் வைத்துக் காட்ட, மற்றவற்றை மட்டும் மகன் ஒவ்வொன்றாக நீக்கினார். படமெடுத்த நேரத்தில் அசைந்துவிட்டதால் கலங்கிப்போயிருந்த இடக்கையை அப்படியே விட்டுவிட்டார்கள். கை அசைந்ததற்கும் அவள்தானே காரணம் என்றார் பெரியப்பா.

வண்ணம் ஏற்றலாமா என்ற பேச்சு வந்தபோது, பாவாடை அரக்கு என்று பெரியத்தையும் பச்சை என்று பெரியப்பாவும் சாதித்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகப் பதிந்துவிடக்கூடும் என்பதால் படத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லவும் வழியில்லை. கூடுதல் பணம் வரக்கூடிய வேலையென்றும் பாராமல், வண்ணம் வேண்டாம் என்று கடைக்காரரே தடுத்தார். சுவரில் மாட்டப் பெரிய அளவில் கேட்டதற்கும் இசையவில்லை. மூலத்தில் இல்லாத நுணுக்கம் பெரிதாக்குவதால் வந்துவிடாது என்று விளக்கி, அவள் முகமும் ஆச்சியின் தோளும் மட்டும் தெரியும்படி ஏழுக்கு ஐந்து அங்குலத்தில், நிறமி மையில், பளபளப்பற்ற தாளில் அச்சிட்டார். படத்துக்குப் பொட்டு வைப்பீர்களா என்று கேட்டு, வைப்போம் என்றதும், துடைத்தால் கீறல் விழும் அக்ரிலிக்கைத் தவிர்த்துக் கண்ணாடியே போட்டார். மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமற்ற அட்டையால் இடைவெளியும் விட்டிருக்கிறார்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதியில் வேலை முடியாது. தொலைபேசியை எடுக்கவும் மாட்டார்கள். சட்டங்களில் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை, இருப்பவற்றில் பெரும்பாலானவை பொன்முலாம் பூசிய பிளாஸ்டிக். இறந்தவர் படம் என்றாலே சிவப்பு மின்விளக்கையும் பிளாஸ்டிக் மாலையையும் சேர்த்துப் பொருத்திவிடும் பழக்கம் இங்கும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அவள் சாமி, ஆகவே அவற்றைக் கழற்றச் சொன்னோம். மறுபேச்சில்லாமல் கழற்றி, அதற்குரிய தொகையையும் குறைத்துக்கொண்டார்கள். சட்டத்தோடு சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. செய்த வேலைக்கு அது நியாயமான கூலி.

சீர்செய்த படத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள், அதில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். பென் டிரைவ் கொண்டுபோய், சீர்செய்ததையும் கைபடாத முதல் ஸ்கேனையும் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பு வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தருகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.