1973 ஜீப்பும் பழைய ‘லை’யும்: கும்பகோணம் பக்கத்துப் பட்டறை ஒன்றைப் பற்றி

காவல்துறை கழித்துவிட்டு ஏலத்தில் விடும் பழைய வண்டிகளை வாங்கி, அவை ஓடிய காலத்துக் கோலத்துக்கே திருப்பிக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் காவிரிப் படுகையில் அதிகம் இல்லை. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி என்று தேடினால் எங்கள் வட்டத்தில் ஏழு பேர் தேறுவோம். அந்த ஏழு பேரில் மூவர் வண்டியைக் கொடுத்த பட்டறை ஒன்று கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையில் இருக்கிறது. அதன் வேலையில் எனக்குச் சில குறைகளும் உண்டு என்பதால் பெயரைக் குறிப்பிடாமல், என் ஜீப் அங்கே இருந்த ஐந்து மாதங்களில் நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

வண்டி 1973ஆம் ஆண்டு மகிந்திரா சிஜே-3பி, பெட்ரோல். வில்லிஸ் நிறுவனம் 1953இல் கொண்டுவந்த இந்த வடிவத்துக்கு பானெட் உயரமாக இருப்பதற்குக் காரணம் அதன் எஞ்சின்தான்: காற்று உள்ளே வரும் வால்வு தலைப்பகுதியிலும் புகை வெளியேறும் வால்வு பிளாக்கிலும் அமைந்த அந்த எஞ்சின் முந்தையதைவிட உயரமானது என்பதால், அதை மூடப் பானெட்டை உயர்த்த வேண்டியதாயிற்று. அந்த உயர்ந்த பக்கச் சுவர்தான் எழுத்து எழுதுவதற்கு வாகான இடம். டிங்கரிங், பட்டி, பிரைமர் ஆகிய வேலைகள் சுத்தமாக இருந்தன. வேறு நல்ல பட்டறைகளிலும் அவ்வளவு கிடைக்கும் என்பதால் அவற்றை நீட்டி எழுதவில்லை.

இந்தப் பட்டறையைத் தேடிப் போக வேண்டிய காரணம் அங்கே எழுத்து எழுதும் பெரியவர். கடைப் பலகைகளும் லாரிகளும் எழுதியே வாழ்ந்தவர். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் வந்த பிறகும் பிரஷ்ஷைக் கீழே வைக்காதவர். நான் கணினியில் அடித்துக் கொண்டுபோன ‘காவல் நிலையம்’ என்ற தாளைப் பார்த்தவுடன், “தம்பி, வண்டி எந்த வருஷம்?” என்று கேட்டார். 1973 என்றேன். “அப்ப இந்த ‘லை’ வராதே” என்று சொல்லி, சுவரில் சாக்பீஸால் பழைய ‘லை’யை எழுதிக் காட்டினார். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978 அக்டோபரில். அதற்கு முன் ‘ணை, லை, ளை, னை’ ஆகியவை யானைத் தும்பிக்கை போல் முன்னால் வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. சீரமைத்த பழைய வண்டிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். எழுத்தின் வயதைக் கேட்டு வேலையைத் தொடங்கிய ஒருவரை இவரிடம்தான் கண்டேன்.

நீலம் பூசிய நூலை இழுத்துச் சுண்டி இரண்டு கோடுகள் போட்டுக்கொண்டு, இடது கையில் ஒரு குச்சியைத் தாங்கலாகப் பிடித்து, அதன் மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்து அவர் அந்தத் தும்பிக்கையை ஒரே இழுப்பில் முடித்ததை அருகில் நின்று பார்த்தேன். வளைவு முடியும் இடத்தில் பிரஷ் தூக்கப்பட்ட சிறு தடிப்பு இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. வெட்டிய ஸ்டிக்கரில் அது வராது.

கருவிகள் விஷயத்தில் எங்கள் வட்டத்தில் நீண்ட விவாதம் நடந்தது. கூரையில் சுழல் விளக்கு வேண்டும் என்றார் ஒரு நண்பர். எட்டடி ஆண்டெனா வேண்டும் என்றார் இன்னொருவர். ஓய்வுபெற்ற காவல்துறை ஓட்டுநர் ஒருவர் தந்த, வாய்க்கால் கரையில் எடுக்கப்பட்ட கறுப்புவெள்ளைப் படம் ஒன்றுதான் அதைத் தீர்த்துவைத்தது. அதில் சுழல் விளக்கு இல்லை. கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் கையால் திருப்பும் தேடுவிளக்கு ஒன்று இருந்தது. ஆண்டெனாவும் அரை மீட்டருக்கு மேல் இல்லை. ஆண்டெனாவுக்கு அலைநீளத்தில் கால் பங்கு நீளம் போதும்; 150 மெகாஹெர்ட்ஸ் அளவில் பேசும் வயர்லெஸ்ஸுக்கு அது ஏறத்தாழ அரை மீட்டர்தான் என்பதால் படமும் கணக்கும் ஒத்துப்போயின. தேடுவிளக்கின் தாங்கி எங்கும் கிடைக்கவில்லை. பட்டறைக்காரர் மரத்தில் மாதிரி செதுக்கி நாச்சியார்கோவிலுக்குக் கொண்டுபோய், குத்துவிளக்கு வார்க்கும் காவிரி வண்டல் மண் அச்சிலேயே அதைப் பித்தளையில் வார்த்து வாங்கி வந்தார். இதற்காக அவர் இரண்டு முறை அலைந்ததை நன்றியோடு பதிவு செய்கிறேன். வயர்லெஸ் பெட்டி வெறும் கூடுதான். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பும் கருவியை வைத்திருக்கக் கூடாது என்பதில் அவர்களும் கண்டிப்பாக இருந்தார்கள்.

காவல் அடையாளங்களோடு தனியார் ஒருவர் சாலையில் வண்டி ஓட்டுவது தவறு. ஆகவே எழுத்துகள் அனைத்தும் காந்தத் தகடுகளில் எழுதப்பட்டன. முன்புறச் சிவப்பு நீலப் பலகை இரண்டு போல்ட்டுகளில் கழன்று வரும். காட்சிக்கு நிறுத்தும்போது மாட்டி, கிளம்பும் முன் கழற்றிவிடுகிறேன். மழைக் காலத்தில் தகட்டை ஓரிரவு விட்டாலும் அடியில் ஈரம் கோத்துப் பெயிண்ட் பொரிந்துவிடும் என்று பெரியவர் எச்சரித்ததை இந்த ஆண்டு அடைமழையில் மறந்து, வலப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் கண்டேன். ஐம்பது ஆண்டுகள் கடந்த வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய 2021இல் வந்த விதிகள், வண்டி தன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. அந்தப் பதிவை நாடுகிறவர்களுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும்.

குறைகள் இரண்டு. மூன்று மாதம் என்று சொன்னது ஐந்தானது. அதைத் தொலைபேசியில் கேட்டால்தான் சொன்னார்கள். வயரிங் வேலைக்கு வந்த இளைஞர் என்னைக் கேட்காமலேயே பல ஒலி எழுப்பும் ஹாரன் ஒன்றைப் பொருத்திவிட்டார்; சாதாரண வண்டிகளுக்கு அது மோட்டார் வாகன விதிகளில் தடைசெய்யப்பட்டது, 1973 ஜீப்புக்கும் ஒட்டாது. சொன்னவுடன் கழற்றினார்கள், ஆனால் அதற்காகப் போட்ட துளை டாஷ்போர்டுக்குக் கீழே அப்படியே இருக்கிறது.

மொத்தச் செலவு 1,45,000 ரூபாய். அதில் எழுத்து வேலைக்கு 9,500. எழுத்துக்கு மட்டும் இன்னும் கூடுதலாகக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். இந்தப் பட்டறையில் வண்டியை விட நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்து, தை பிறந்து பெயிண்ட் காயும் வெயில் வந்த பிறகு கொண்டுபோவது நல்லது. கையில் ஒரு பழைய புகைப்படமும் இருக்கட்டும், பெரியவர் முதலில் அதைத்தான் கேட்பார்.