எம்.சி.சி.யா, லயோலாவா? வகுப்பு முடிந்த பிறகு எங்கே இருப்பீர்கள்?

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் தடத்தில் ஒரு முனையில் எம்.சி.சி. எனப்படும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, நடுவே நுங்கம்பாக்கத்தில் லயோலா கல்லூரி. இரண்டும் தன்னாட்சிக் கல்லூரிகள். பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம். இரண்டிலும் சீட் கிடைத்தவர்கள் சிலபஸை எடுத்து வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதைவிட, மாலையில் எங்கே இருப்போம், இரவு எங்கே தூங்குவோம் என்று பாருங்கள். கல்லூரி வாழ்க்கையைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

எம்.சி.சி. 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. 365 ஏக்கர், பெரும்பகுதி புதர்க்காடு. துறைக் கட்டடங்களுக்கு நடுவே புள்ளிமான் மேயும். ஆனால் அந்த வளாகத்தின் உயிர் காட்டில் இல்லை, ஹால்கள் என்று அழைக்கப்படும் விடுதிகளில் இருக்கிறது. ஆண்களுக்கு செலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று மூன்று பழைய ஹால்கள். வேதியியல் படிப்பவரும் வரலாறு படிப்பவரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுவார்கள். விளையாட்டுப் போட்டி, ஹால் டே எல்லாம் ஹாலின் பெயரில் நடக்கும். முதல் செமஸ்டரிலேயே சீனியர்கள் பழக்கமாகிவிடுவார்கள். சிக்கலும் இங்கேதான். ஹாலில் இடம் கிடைக்காமல் வீட்டிலிருந்து வந்து போகிறவருக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது. ஸ்டேஷனிலிருந்து வாசல் வரை நடை, வாசலிலிருந்து வகுப்பு வரை இன்னொரு நடை; வட சென்னையிலிருந்து வருகிறவர் மாலையில் ரயிலைத்தான் பார்ப்பார், மேடையை அல்ல.

லயோலா இதற்கு நேர்மாறு. 1925-இல் இயேசு சபையினர் தொடங்கியது. சுமார் நூறு ஏக்கர். நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் சில நிமிட நடை. விடுதி உண்டு என்றாலும் இங்கே கூட்டம் சேர்வது துறையையும் மன்றங்களையும் சுற்றித்தான். நகரமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் நாடகம், பயிற்சி வகுப்பு, பகுதிநேர வேலை எதற்கும் வெளியே போய்வர முடியும். டே ஸ்காலருக்கு நான் சொல்வது லயோலாதான்.

ஆனால் லயோலாவில் வகுப்புகள் இரண்டு ஷிஃப்டாக நடக்கும்; எந்த ஷிஃப்ட் என்று கவனியுங்கள், பலர் கோட்டை விடுவது இதில்தான். முதல் ஷிஃப்ட் மதியத்தோடு முடிந்துவிடும். மீதிப் பகல் உங்களுடையது. இரண்டாவது ஷிஃப்டுக்கு வகுப்பு முடியவே மாலையாகிவிடும், அதற்குள் முதல் ஷிஃப்ட் நண்பர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். எம்.சி.சி.யின் சுயநிதிப் பிரிவில் சேருகிறவர்களும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எம்.சி.சி.யின் டீப்வுட்ஸ், லயோலாவின் ஓவேஷன்ஸ் கலைவிழா வீடியோக்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கலைவிழா வருடத்தில் சில நாள்தான். கல்லூரி திறந்திருக்கும் சாதாரண வாரநாளில், பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். கேன்டீனில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நோட்டீஸ் போர்டில் மன்றக் கூட்ட அறிவிப்புகளில் என்ன தேதி? போன வருடத் தாள்களே தொங்கினால் அந்த மன்றம் பெயருக்குத்தான் இருக்கிறது.

மாணவிகள் ஒன்றை முன்கூட்டியே செய்ய வேண்டும்: இரண்டு இடத்திலும் விடுதி இடம், இரவு உள்ளே வரவேண்டிய நேரம் இரண்டையும் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஒத்திகை முடிய ஏழு மணியானால் அந்த நேரக் கட்டுப்பாடு நேரடியாக இடிக்கும். வெளியே தங்குவதென்றால் லயோலாவுக்கு அருகே சூளைமேடு, மகாலிங்கபுரம் பக்கம் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) அறைகள் நிறைய உண்டு, வாடகை கடிக்கும். எம்.சி.சி.க்கு அருகே செலையூர் பக்கம் வாடகை அதைவிடக் குறைவு. சீட் கிடைத்துவிட்டது என்பதால் விடுதியும் கிடைத்துவிடாது. முதல் தவணை கட்டும் முன்பே விடுதிக்குத் தனியாக விண்ணப்பித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.