அரக்கா, வளையும் மெழுகா, ஸ்டிக்கரா? கடித உறைக்கு ஏற்ற முத்திரை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் மாதிரிகளைப் புரட்டினால், உறையின் வாய் மேல் சிவப்பிலோ தங்க நிறத்திலோ மெழுகு முத்திரை வைத்தது ஒன்றிரண்டாவது கண்ணில் படும். பார்க்க அழகுதான். கடிதத்துக்கும் அதையே வைக்கலாமா என்றால், எதற்காக வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நடுவில் யாராவது பிரித்தால் காட்டிக்கொடுப்பதுதான் முத்திரையின் வேலை. பிரித்தும் உடையாததை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்படிப் பார்த்தால் அரக்குக்கு இணை கிடையாது. அரக்குப் பூச்சிகள் மரக்கிளையில் சுரக்கும் பிசின் இது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் புரசு, இலந்தை மரங்களில் வளர்க்கிறார்கள். உள்கூடான நகைக்குள் பத்தர் நிரப்புவதும், அடகுக் கடையில் எடை போடும்போது கழித்துக்கொள்வதும் இதே சரக்குதான். கடையில் கிடைக்கும் மலிவான குச்சிகளில் பைன் மரப் பிசின் கலப்பு அதிகம். ஆறியபின் அரக்கு கண்ணாடி போல நொறுங்கும். தாளின் நாருக்குள் இறங்கிப் பிடித்திருப்பதால், உரித்தெடுத்து மறுபடி ஒட்ட முடியாது. வாக்குப்பதிவு இயந்திரங்களைப் பூட்டிய அறைக்கும், வழக்கில் கைப்பற்றி கோர்ட்டுக்கு அனுப்பும் பொருளுக்கும் அரக்கு சீல் வைப்பது இதனால்தான்.

வைக்கிற விதத்தில்தான் சூட்சுமம். குச்சியைத் தீக்குள் நேராக நீட்டாதீர்கள். அரக்கு மாளிகை எரிந்த கதை தெரியும்தானே, சட்டென்று பற்றிக்கொள்ளும், கரி கலந்து கறுத்தும் போகும். சுடருக்குப் பக்கவாட்டில் பிடித்து, நுனி இளகியதும் மடிப்பு சேரும் இடத்தில் சொட்டவிட்டு, குச்சி நுனியாலேயே வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். மேலே அழுத்தும் பித்தளை முத்திரை குளிர்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியில் ஒற்றி, துடைத்துவிட்டு, அரக்கின் பளபளப்பு லேசாக மங்கும் நேரத்தில் அழுத்தி அப்படியே விட்டுவிடுங்கள். ஆறினால் தானாக விட்டுவரும். அவசரப்பட்டு இழுத்தால் எழுத்தெல்லாம் நூல் நூலாக இழுபடும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. தபால் பையில் நெரிபட்டாலோ உறை வளைந்தாலோ, யாரும் பிரிக்காமலே உடைந்துவிடும். வாங்குபவருக்கு வீண் சந்தேகம்.

வளையும் மெழுகு அந்தத் தொல்லைக்கு விடை. பசைக் குச்சியை மின்சாரத்தில் உருக்கும் குளூ கன்னில் போடும் 7 மி.மீ., 11 மி.மீ. குச்சியாகவும், கரண்டியில் உருக்கும் மணியாகவும் ஆன்லைனில் கிடைக்கிறது. குளூ கன்னில் போட்டால் தீயும் இல்லை, கரியும் இல்லை, வேலை மளமளவென்று முடியும். ஆனால் வழவழப்பான உறையில் ஓரத்தில் நகம் கொடுத்தால் முழுசாக உரிந்து வரும், துளி பசை தடவினால் பழையபடி உட்கார்ந்துவிடும். கையில் கொடுக்கும் பத்திரிகைக்கு அது குறையே இல்லை, அங்கே யார் பிரித்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. மூலைகளில் தடவிய மஞ்சள் நன்றாகக் காய்ந்தபின் வைத்தால் சரி. தபாலில் அனுப்பும் பத்திரிகை என்றால் யோசியுங்கள். உறையை ஒட்டாமல் புக் போஸ்டில் குறைந்த கட்டணத்தில் அனுப்பிப் பழகியவர்கள் நாம். வாயை மூடி முத்திரை வைத்தால் அது கடிதமாகிவிடும், தபால்தலையும் அதற்கேற்ப ஒட்ட வேண்டும்.

அச்சிட்ட ஸ்டிக்கர் வெறும் அலங்காரம், மலிவு, அவ்வளவுதான். வீட்டு மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தாளில் எண்ணெய்க் கறையாக ஊறும். நம் ஊர் சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த வண்டிக்குள் இளகி, பக்கத்து உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

முக்கியமான கடிதத்துக்கு நான் சொல்வது அரக்குதான். அரக்கு வைத்த உறையை, அட்டைத் துண்டோடு இன்னொரு கெட்டி உறைக்குள் போட்டு அனுப்புங்கள், நெரிபடாது. அழுத்தும் முத்திரையும் உங்களுடையதாக இருக்கட்டும். காப்பீட்டு அஞ்சலுக்கான பழைய தபால் விதிகளே, நாணயத்தை அழுத்திய அச்சையும் வெறும் கோடுகளையும் ஏற்கவில்லை. யார் வேண்டுமானாலும் அப்படியே போட்டுவிடலாமே. ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில் பித்தளை முத்திரை வெட்டித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தை இடம் வலம் மாற்றி, கொஞ்சம் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். ஆழம் குறைந்தால் அரக்கில் பதிவு மங்கலாகத்தான் விழும்.